நான்காவது சொல்

குத்தைசி மைதானத்தில் மூன்று நாளாய் மழை.
முப்பத்தோராவது நிமிடம்
மிந்தியாவின் நெற்றிப்பொட்டு
யாரோ ஒருவனின் இடுப்பெலும்பில் மோதியது.
விழுந்தான். எழுந்தான்.
குனிந்து காலுறையைச் சரிசெய்தான்,
ஏற்கெனவே சரியாக இருந்ததை.

அது போதும், உள்ளே கூட்டிப்போக.

ரக்பியில் இதற்கு எனக்குப் பன்னிரண்டு நிமிடம்.
உடைமாற்றும் அறையை ஒட்டி ஒரு சின்ன அறை,
ஒரு பல்பு, ஒரு பெஞ்சு, சுவரில் பழைய அணிப்படம்.
வெளியே பயிற்சியாளர் ஓத்தாரின் பூட்ஸ்
சிமெண்டுத் தரையில் டக், டக்கென்று
எனக்குப் பதிலாக மணி பார்க்கிறது.
மேல்வரிசையில் ஒரு பச்சைக் குடை:
பிரான்சிலிருந்து மிந்தியாவைப் பார்க்க மட்டும் வந்தவர்.

தாளை எடுத்து வாசித்தேன்.
மெழுகு, பல்லி, சட்டை...
"சாவி" என்றான் அவன்.
நான் இன்னும் நான்காவது சொல்லுக்கே வரவில்லை.

அணி முழுவதும் மனப்பாடமாம்.
பேருந்தில், சீட்டாட்டத்துக்கு நடுவே
ஒருவருக்கொருவர் ஒப்பிப்பார்களாம்.

தாளை மடித்து வைத்தேன்.
வாயில் வந்ததைச் சொன்னேன்:
மண்ணெண்ணெய். ஊசி. கம்பளி.
மணிக்கட்டு. வெண்கலம்.
பிசகில்லாமல் திருப்பிச் சொன்னான், சிரிப்போடு.
உடனே சொல்வது யாராலும் முடியும்.
ஐந்து நிமிடம் கழித்துக் கேட்க வேண்டும்.

அதுவரை ஒற்றைக்காலில் நிற்க வைத்தேன்.
மாதங்களைப் பின்னிருந்து சொல்லச் சொன்னேன்.
அவன் டிசம்பரிலிருந்து
ஒவ்வொரு படியாய் இறங்கிக்கொண்டிருக்கையில்
நான் வேறொரு ஜனவரியில் இருந்தேன்.

திபிலிசியில் மின்சாரமே இல்லாத குளிர்காலம்.
ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தின் மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு.
கம்பளிக் காலுறையோடு பீமில் நடந்து பழகினோம்.
எனக்குப் பதினான்கு வயது. வலது மணிக்கட்டில்
முந்திரிப்பருப்பு அளவு எலும்பொன்று பிளந்திருந்தது.
அணி மருத்துவர் வாலிகோ ஊசி எடுத்தார்.
கெட்டவர் இல்லை.
வீட்டு மரத்து வால்நட்டை உடைத்து, சட்டைப்பையில் போட்டு
எங்களுக்காகவே கொண்டுவருவார்.
நான் அழுதேன். அவரும் அழுதார்.
அழுதுகொண்டே குத்தினார்.
"இருபது நிமிடம் தாங்கும் கண்ணே,
உன் ஆட்டம் ஒன்றரை நிமிடம்தானே?"
கணக்கு சரிதான்.
மூன்றாமிடம் வந்தேன்.

அந்தக் கை இன்றும் நிறைந்த தட்டை ஏந்தாது.
கதவுக் குமிழ்களை இடக்கையால் திருகுகிறேன்.
அந்தக் காயம்தான் என்னை மருத்துவம் படிக்க வைத்தது
என்று விருந்துகளில் சொல்கிறார்கள்.
காயம் இல்லை, அந்த வால்நட்.
அவ்வளவு பிரியமான மனிதருக்கு
அது எப்படிக் கைவந்தது என்று பார்க்கத்தான் போனேன்.
கைவரும்.
வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் போதும்.

"பிப்ரவரி" என்றான் மிந்தியா. "ஜனவரி."
கையைத் தட்டிக்கொண்டான், வேலை முடிந்ததுபோல.

அந்த ஐந்து சொற்கள்?

"ஊசி."
சுவரைப் பார்த்தான்.
படத்தில் நிற்பவர்களில் யாராவது
எடுத்துக்கொடுப்பார்களா என்று
ஒவ்வொரு முகமாய்த் தேடினான்.
பிறகு, மிக மெல்ல:
"சாவி."

ஓத்தார் என்னைத் திட்டிய சொற்கள் ஐந்துக்கு மேல்.
எல்லாம் நினைவிருக்கிறது.
இரண்டாம் பாதியில் பச்சைக் குடையைக் காணவில்லை.

பெஞ்சில் அவன் தோளில் ஒரு போர்வையைப் போட்டேன்.
"ஸ்கோர் என்ன டாக்டர்?"
பன்னிரண்டு, ஒன்பது. நாம்தான் முன்னே.
தலையாட்டினான். மழையைப் பார்த்தான்.
"ஸ்கோர் என்ன டாக்டர்?"
பன்னிரண்டு, ஒன்பது.
ஆறாவது தடவையும்
முதல் தடவை சொல்வதுபோலவே சொன்னேன்.

என்மேல் அவனுக்குக் கோபம்
வியாழக்கிழமை வாக்கில் வரும்.
வரட்டும்.
வந்த நேரத்தைக் கோப்பில் குறித்துக்கொள்வேன்,
நல்ல அறிகுறி என்று.